தென் சிலுவையின் மங்கலான ஐந்தாவது விண்மீன்: பினாங்கிலிருந்து ஒரு ராட்சதனை அளந்து பார்க்கும் வழி

பினாங்கில் வானம் பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் விண்மீன்களிடம்தான் முதலில் போகிறார்கள். ரோகிணி, திருவாதிரை, கேட்டை, சுவாதி எல்லாம் வீட்டில் ஜாதகம் பார்க்கும்போதே காதில் விழுந்த பெயர்கள். அதில் தவறே இல்லை. ஆனால் பார்த்து ரசிப்பதோடு நிற்காமல், ஒரு விண்மீன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரியது, அதன் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நாமே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு நான் வேறொன்றைத்தான் கைகாட்டுவேன். தென் சிலுவையில் ஓரமாக ஒதுங்கி நிற்கும் ஐந்தாவது விண்மீன் அது.

அதன் பெயர் எப்சிலான் குரூசிஸ். ஆஸ்திரேலியாவின் வர்தமான் பழங்குடி மக்கள் வழங்கிவந்த கினான் என்ற பெயரை 2017-இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் இதற்கு முறைப்படி சூட்டியது. ஆஸ்திரேலியக் கொடியில் நான்கு பெரிய விண்மீன்களுக்கு நடுவே சின்னதாக ஒன்று இருக்கிறதே, அதுதான் இது. நியூசிலாந்துக் கொடியில் இதற்கு இடமே கொடுக்கவில்லை. அவ்வளவு மங்கல்.

மங்கலாகத் தெரியும் இந்த விண்மீன் உண்மையில் ஒரு ராட்சதன். நம் சூரியனைப்போல் முப்பது மடங்குக்கு மேல் அகலம். இந்த முடிவுக்கு வர உங்களுக்கு மூன்று எண்களும் ஒரு கைப்பேசிக் கணிப்பானும் போதும். படிவம் நான்கு கூடுதல் கணிதத்தில் மடக்கை படித்தவர்கள் யாரும் இதைச் செய்யலாம்.

எப்போது பார்ப்பது

சித்திரையும் வைகாசியும் தென் சிலுவைக்கு உகந்த மாதங்கள். ஏப்ரல் நடுவில் சிலுவை நள்ளிரவு வாக்கில் தெற்கே உச்சத்துக்கு வரும். மே நடுவில் இரவு பத்து மணிக்கே வந்துவிடும். மே கடைசியில் ஒன்பது மணிக்கு. ஜூன் பாதிக்கு மேல் போனால் இருட்டும்போதே அது மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். வேலை முடிந்து வந்து, மறுநாள் வேலைக்கும் போக வேண்டியவர்களுக்கு மே மாதம்தான் சரி.

மே மாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. விசாக தினத்துக்கு விடுமுறை கிடைக்கிறதே என்று பலர் அன்றைக்குப் பயணத்தை வைத்துக்கொள்கிறார்கள். அது பௌர்ணமி. சித்ரா பௌர்ணமியைச் சொல்லவே வேண்டாம். முழு நிலவு வெளிச்சத்தில் நம் விண்மீன் கண்ணுக்குத் தட்டுப்படாது. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியை எடுத்து அமாவாசையைப் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஐந்தாறு நாள்கள் நமக்கு ஏற்றவை.

ஏப்ரல், மே மாதங்கள் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். மாலையில் இடி மழை கொட்டும். அதற்காக மனம் தளர வேண்டாம். மழை பெய்து ஓய்ந்து மேகம் விலகிய இரவுகளில் தூசு அடங்கியிருக்கும், தென் வானத்தில் கீழ்ப்பகுதிவரை தெளிவாகத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் புகைமூட்டம் வந்துவிட்டால் அந்த ஆண்டுக்குத் தாழ்வான தென் விண்மீன்களை மறந்துவிட வேண்டியதுதான்.

எங்கிருந்து பார்ப்பது

இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விண்மீன் பார்க்க என்றால் உடனே பத்து ஃபெரிங்கி கடற்கரை, அல்லது தெலுக் பாஹாங். இரண்டும் தீவின் வடகரையில் இருக்கின்றன. கடல் வடக்கே, மலை தெற்கே. நமக்கு வேண்டியதோ தெற்கு வானம், அதிலும் தாழ்வான பகுதி. பினாங்கு வட அகலாங்கு ஐந்தரை டிகிரி அளவில் இருப்பதால், எப்சிலான் குரூசிஸ் உச்சத்துக்கு வந்தாலும் தொடுவானத்திலிருந்து 24 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் ஒரு முஷ்டி ஏறக்குறைய பத்து டிகிரி. ஆக இரண்டரை முஷ்டி உயரம். பத்து ஃபெரிங்கியில் மலையடிவாரத்தில் நின்றால் மரமும் அடுக்குமாடியும் அதை மறைத்துவிடும்.

தீவில் இருப்பவர்கள் தெற்குப் பக்கம் போக வேண்டும். தெலுக் கும்பாரைத் தாண்டி கெர்த்தாக் சங்குல் பக்கம் கடல் தெற்கு நோக்கி விரிகிறது. பாலிக் பூலாவ் சமவெளியும் நல்லது. வயல்வெளியில் நின்றால் 24 டிகிரி உயரத்தை எதுவும் மறைக்காது. பெருநிலப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. நிபோங் தெபால் சுற்றுவட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய திறந்தவெளிகளில், தோட்டத்து ஆள்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்று பார்க்கலாம். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால் கூட அழைத்துப் போங்கள். மின்விளக்கு வராத காலத்து வானத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். திரிசங்கு என்று இந்தக் கூட்டத்தை அடையாளம் காட்டுகிற பெரியவர்களும் உண்டு.

தீவின் மேற்குக் கரையில் பந்தாய் ஆச்சேயில் ஷேக் தாஹிர் ஃபலக் மையம் இருக்கிறது. பிறை பார்ப்பதற்குப் பேர்போன இடம். பொதுமக்களுக்கான நிகழ்ச்சி நடக்கும்போது ஒருமுறை போய்வந்தால் பெரிய தொலைநோக்கிகள் எப்படி இயங்குகின்றன என்று தெரியும். ஆனால் இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலைக்குத் தொலைநோக்கி தேவையில்லை. ஏழுக்கு ஐம்பது அல்லது பத்துக்கு ஐம்பது அளவுள்ள ஒரு பைனாகுலர் போதும்.

குளிர்சாதனம் போட்ட காரிலிருந்து பைனாகுலரை வெளியே எடுத்ததும் கண்ணாடியில் பனி படரும். நம் ஊர் ஈரக்காற்றில் இது நிச்சயம் நடக்கும். போகும் வழியிலேயே குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, பைனாகுலரைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். துணியால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிப் பூச்சைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கொசுவர்த்தி எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடிப்பது

தெற்கு நோக்கி நில்லுங்கள். திசை தெரியாவிட்டால் கைப்பேசித் திசைகாட்டி உதவும். ஸ்டெல்லேரியம் செயலி இலவசம்தான், ஆனால் திரையின் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். செயலியின் சிவப்பு இரவுத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒரு தடவை வாட்சாப்பைத் திறந்தால் அந்த அரைமணி நேரம் வீண்.

முதலில் இடப்பக்கம், அதாவது கிழக்கே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரகாசமான விண்மீன்களைத் தேடுங்கள். ஆல்ஃபா செந்தாரி, பீட்டா செந்தாரி. இவை இரண்டும் காட்டும் திசையில் வலப்பக்கம் போனால் தென் சிலுவை. இந்த இரண்டு வழிகாட்டிகள் இல்லாத ஒரு சிலுவை இன்னும் வலப்பக்கத்தில் இருக்கிறது. பொய்ச் சிலுவை. அது பெரியது, கொஞ்சம் மங்கல், முன்னதாகவே மறைந்துவிடும். புதியவர்களில் பாதிப்பேர் முதல் நாள் அதில்தான் போய் நிற்பார்கள்.

சரியான சிலுவையைப் பிடித்துவிட்டால், உச்சத்தில் இருக்கும்போது அது ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். மேல்முனை காக்ரக்ஸ். அடிமுனை அக்ரக்ஸ். இடக்கை மிமோசா. வலக்கை டெல்ட்டா குரூசிஸ். வலக்கைக்கும் அடிமுனைக்கும் இடையே, வலக்கைக்குக் கொஞ்சம் கிட்டே, கோட்டுக்குச் சற்று உள்ளே தள்ளி ஒரு சின்னப் புள்ளி தெரிகிறதா? அதுதான்.

ஜார்ஜ்டவுன் நகருக்குள் நின்றால் பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. விண்மீன்களின் பிரகாசத்தை அளக்கும் எண் கூடக்கூட ஒளி மங்கும். நல்ல இருட்டில் கண்ணுக்கு எட்டும் எல்லை ஏறக்குறைய 6. நம் விண்மீனின் எண் 3.59. கணக்குப்படி எளிதாகத் தெரிய வேண்டும். ஆனால் 24 டிகிரி உயரத்தில் அதன் ஒளி, தலைக்கு மேலே இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான காற்றைத் துளைத்துக்கொண்டு வருகிறது. நம் ஊர் ஈரக்காற்று அதில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். மீதியை நகர வெளிச்சம் மூழ்கடிக்கும். இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: ஐந்தாவது விண்மீன் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால், நீங்கள் நிற்கும் இடம் வானம் பார்க்கத் தகுந்த இடம்.

நிறத்தைப் பிடிப்பது

மங்கலான பொருளைப் பார்க்க ஓரக்கண்ணால் பார் என்று எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். விண்மீன் கூட்டங்களுக்கும் ஒளிமுகில்களுக்கும் அது சரியான ஆலோசனை. நிறத்துக்கு நேர்மாறானது. கண்ணின் ஓரப்பகுதியில் இருக்கும் உணரிகள் மங்கல் ஒளியை உணரும், நிறத்தைப் பிரித்தறியாது. நிறம் தெரிய நேராகப் பார்க்க வேண்டும், போதுமான ஒளியும் வேண்டும். அதற்குத்தான் பைனாகுலர்.

காரின் கூரையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொள்ளுங்கள். சிலுவையின் உயரம் ஆறு டிகிரி. பத்துக்கு ஐம்பது பைனாகுலரில் முழுச் சிலுவையும் மட்டுமட்டாக அடங்கும். இப்போது ஃபோகஸ் திருகை மெதுவாகக் கொஞ்சம் திருப்பி, படத்தை வேண்டுமென்றே கலைத்துவிடுங்கள். புள்ளியாக இருந்த விண்மீன்கள் சின்ன வட்டுகளாக விரியும். புள்ளியாக இருக்கும்போது கண்ணைக் கூசவைத்து நிறத்தை மறைத்த ஒளி, வட்டாகப் பரவியதும் அடங்கி நிறத்தைக் காட்டும். என் அக்கா மகளுக்கு இதைக் காட்டியபோது அவள் உடனே சொன்னாள்: "மாமா, மேல உள்ளதும் இந்தச் சின்னதும் மட்டும்தான் ஆரஞ்சு. மத்த மூணும் வெள்ளை."

ஐந்தில் இரண்டு ஆரஞ்சு, மூன்று நீல வெள்ளை என்று அவள் பிரித்ததை அப்படியே குறித்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நிறம் என்பது மேற்பரப்பு வெப்பநிலை. நீல வெள்ளை விண்மீன்கள் இருபதாயிரம் கெல்வினுக்கு மேல் கொதிப்பவை. சூரியனின் மேற்பரப்பு 5,772 கெல்வின். ஆரஞ்சு என்றால் நாலாயிரத்தை ஒட்டி. அடுப்புச் சிவப்பை வைத்து, சிவப்புதான் அதிக வெப்பம் என்று நினைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

மூன்று எண்களை எடுப்பது

வீட்டுக்கு வந்ததும் சிம்பாட் என்ற தரவுத்தளத்தைத் திறவுங்கள். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் வானியல் தரவு மையம் நடத்துவது. கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் வேண்டாம். எச்டி 107446 என்று தேடினால் நம் விண்மீன் வரும். எச்டி என்பது ஹென்றி டிரேப்பர் பட்டியல். ஆனி ஜம்ப் கேனன் என்ற பெண்மணி லட்சக்கணக்கான விண்மீன்களின் நிறமாலைகளைத் தம் கண்ணாலேயே பார்த்து வகைப்படுத்தி, 1918 முதல் 1924 வரை வெளிவந்த பட்டியல் அது. இன்றும் உலகம் முழுவதும் அதே எண்களைத்தான் புழங்குகிறோம்.

பக்கத்தில் எண்கள் குவிந்திருக்கும். பயப்பட வேண்டாம். மூன்றை மட்டும் எடுங்கள்.

முதலாவது, இடமாறு கோணம். பூமி சூரியனைச் சுற்றும்போது நாம் நிற்கும் இடம் மாறுவதால், கிட்டத்து விண்மீன் தூரத்து விண்மீன்களின் பின்னணியில் இம்மி நகர்ந்ததுபோல் தெரியும். அந்த நகர்வின் கோணம் நம் விண்மீனுக்கு ஏறக்குறைய 0.0142 வினாடி. ஒரு டிகிரியில் 3,600 வினாடி. கோலாலம்பூரில் ஒருவர் பிடித்திருக்கும் இருபது சென் நாணயத்தைப் பினாங்கிலிருந்து பார்த்தால் எவ்வளவு கோணத்தில் தெரியுமோ, அவ்வளவுதான் இது. மனிதர்கள் இதை அளந்துவிட்டார்கள். ஃபிரெட்ரிக் பெசல் 1838-இல் முதல் விண்மீனுக்கு இந்தக் கோணத்தை வெளியிட்டார். 1989-இல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கோஸ் விண்கலம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களுக்கு அளந்தது. 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்டவற்றை அளந்துவிட்டு 2025-இல் ஓய்வு பெற்றது. வானியலில் நான் மிகவும் மதிக்கும் சாதனை இதுதான். தூரம் தெரியாமல் மற்ற எதுவும் தெரியாது.

இரண்டாவது, தோற்ற ஒளியளவெண். முன்பே சொன்ன 3.59.

மூன்றாவது, நிறமாலை வகை. இங்கே கே3 என்று போட்டு, பக்கத்தில் ரோமன் எண்ணில் மூன்று என்று போட்டிருக்கும். கே3 என்பது வெப்பநிலை: இந்த வகை ராட்சதர்களுக்கு 4,150 கெல்வின் அளவில். ரோமன் மூன்று என்பது ஒளிர்வு வகுப்பு. அந்தச் சின்னக் குறியைக் கவனிக்காமல் தாண்டிப்போகிறவர்கள்தான் பின்னால் குழம்புவார்கள். ரோமன் ஐந்து என்றால் சூரியனைப்போல் மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் சாதாரண விண்மீன். மூன்று என்றால் ராட்சதன்.

நேரில் போய்ப் பார்க்காமல் ராட்சதன் என்று எப்படிச் சொல்கிறார்கள்? நிறமாலையில் உள்ள கறுப்புக் கோடுகளின் தன்மையை வைத்து. ராட்சத விண்மீனின் வெளிப்பகுதி மிக மெலிந்த வாயு. அங்கே அழுத்தம் குறைவு, அணுக்கள் ஒன்றோடொன்று அதிகம் மோதிக்கொள்வதில்லை. அதனால் பல கோடுகள் ஒல்லியாக விழும். சில தனிமங்களின் கோடுகள் வலுவிலும் மாறும். சாதாரண விண்மீனில் அழுத்தம் அதிகம், கோடுகள் அகன்று தெரியும். இந்த வேறுபாட்டை முறைப்படுத்தி மார்கனும் கீனனும் கெல்மனும் 1943-இல் வெளியிட்ட வகைமுறைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கணக்கு

கைப்பேசிக் கணிப்பானைக் கிடையாகப் பிடித்தால் மடக்கைப் பொத்தான் தெரியும்.

தூரம்: 1-ஐ 0.0142-ஆல் வகுங்கள். 70.4 வரும். இது பார்செக் அளவு. ஒரு பார்செக் 3.26 ஒளி ஆண்டு. ஆக ஏறக்குறைய 230 ஒளி ஆண்டு. பிரான்சிஸ் லைட் 1786-இல் இந்தத் தீவில் இறங்கிச் சில ஆண்டுகள் கழிந்தபோது புறப்பட்ட ஒளி, இன்றிரவு உங்கள் பைனாகுலரில் விழுகிறது.

உண்மையான ஒளி: எல்லா விண்மீன்களையும் 10 பார்செக் தூரத்தில் வைத்தால் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்று ஒப்பிடுவது வழக்கம். நம்முடையது 10 பார்செக்கைப்போல் 7.04 மடங்கு தூரத்தில் இருக்கிறது. 7.04-இன் மடக்கை 0.848. ஐந்தால் பெருக்கினால் 4.24. 3.59-இலிருந்து 4.24-ஐக் கழித்தால் கழித்தல் 0.65. இதுதான் தனி ஒளியளவெண். சூரியனுக்கு இதே எண் 4.83. வித்தியாசம் 5.48. அதை 2.5-ஆல் வகுத்தால் 2.19. பத்தின் 2.19 அடுக்கு ஏறக்குறைய 155. ஆகக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும் நம் விண்மீன் சூரியனைப்போல் 155 மடங்கு.

இங்கே ஒரு திருத்தம் வேண்டும். குளிர்ந்த விண்மீன் தன் ஆற்றலில் பெரும்பங்கைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் கொட்டுகிறது. 4,150 கெல்வின் ராட்சதனுக்கு அதையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய இருமடங்கு ஆகும். 300 சூரியன் என்று வைத்துக்கொள்வோம்.

அளவு: ஒரு விண்மீனின் மொத்த ஆற்றல் இரண்டைப் பொறுத்தது, அதன் பரப்பளவு, வெப்பநிலையின் நான்காம் அடுக்கு. இதைத் திருப்பிப் போட்டால் ஆரம் கிடைக்கும். 300-இன் வர்க்கமூலம் 17.3. 5,772-ஐ 4,150-ஆல் வகுத்தால் 1.39. அதன் வர்க்கம் 1.93. இரண்டையும் பெருக்கினால் 33.

சூரியனைப்போல் 33 மடங்கு ஆரம். கிலோமீட்டரில் சொன்னால் 2 கோடியே 30 லட்சம். சூரியன் இருக்கும் இடத்தில் இதை வைத்தால் புதன் கோளின் பாதையில் ஐந்தில் இரண்டு பங்கு தூரத்தை விழுங்கிவிடும். நம் கையால் செய்த இந்தக் கணக்கு, ஆய்வாளர்கள் தரும் மதிப்புகளோடு நெருங்கி வருகிறது. முதன்முறை இந்த 33 திரையில் வரும்போது கிடைக்கும் நிறைவுக்கு ஈடாக எந்த அழகான புகைப்படத்தையும் நான் வைக்கமாட்டேன்.

நிறையை மட்டும் இந்த வழியில் எடுக்க முடியாது. விண்மீன்களின் வளர்ச்சி மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள், இதற்குச் சூரியனைப்போல் ஒன்றரை மடங்கு அளவில் வருகிறது. அதிலிருந்து இன்னொன்று தெரிகிறது. ஒன்றரை மடங்குப் பொருளை முப்பத்தைந்தாயிரம் மடங்குக்கு மேற்பட்ட கனவளவில் பரப்பினால் சராசரி அடர்த்தி எவ்வளவு? நாம் சுவாசிக்கும் காற்றைவிட ஏறக்குறைய இருபது மடங்கு மெலிது. ராட்சதன் என்றதும் கனமானது என்று நினைத்துவிடாதீர்கள்.

காக்ரக்ஸோடு ஒப்பிடுங்கள்

அக்கா மகள் பார்த்த அந்த இன்னொரு ஆரஞ்சு, சிலுவையின் மேல்முனையில் இருக்கும் காக்ரக்ஸ், இதே குடும்பம்தான். எம்3.5 வகை, ரோமன் மூன்று. அதன் இடமாறு கோணம் 0.0368 வினாடி, ஒளியளவெண் 1.63. இதையும் நீங்களே போட்டுப் பாருங்கள். தூரம் 27 பார்செக், அதாவது 89 ஒளி ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. தனி ஒளியளவெண் கழித்தல் 0.54.

மறுபடியும் பாருங்கள். கழித்தல் 0.65, கழித்தல் 0.54. சிலுவையின் பிரகாசமான தலையும் யாரும் கவனிக்காத ஐந்தாவது புள்ளியும், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கிட்டத்தட்டச் சமம். இன்னும் சரியாகச் சொன்னால் மங்கல் என்று நாம் ஒதுக்கியதுதான் ஒரு துளி கூடுதல். ஒன்று இரண்டரை மடங்கு தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அகச்சிவப்பையும் சேர்த்தால் காக்ரக்ஸ் முந்திவிடும். அது இன்னும் குளிர்ந்தது, சூரியனைப்போல் எழுபது மடங்குக்கு மேல் வீங்கியது.

மற்ற மூன்று நீல வெள்ளை விண்மீன்கள் ஐந்தாவதைவிடத் தூரத்தில் இருக்கின்றன. மிமோசா 280 ஒளி ஆண்டு, அக்ரக்ஸ் 320-ஐ ஒட்டி, டெல்ட்டா அதற்கும் அப்பால். அப்படியிருந்தும் பிரகாசமாகத் தெரிகின்றன என்றால் அவை எவ்வளவு வலிமையாக எரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவை இளமையானவை, கனமானவை, எரிபொருளை வாரி இறைப்பவை. ஒரே சிலுவை என்று நாம் பார்ப்பது வெவ்வேறு தூரத்தில், வெவ்வேறு வயதில் இருக்கும் விண்மீன்கள்.

மாதம் மாறியதும் இன்னொரு ஒப்பீடும் செய்யலாம். டிசம்பர், ஜனவரி மாலைகளில் எப்சிலான் எரிடானி என்ற விண்மீன் நம் வானத்தில் உயரத்தில் இருக்கும். கே2 வகை, ஆனால் ரோமன் ஐந்து. ஒளியளவெண் 3.7. பார்வைக்கு நம் விண்மீனும் அதுவும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். ஆனால் அது வெறும் பத்தரை ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கும், சூரியனைவிடச் சிறிய விண்மீன். பத்தரையும் இருநூற்று முப்பதும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. அந்த ரோமன் எண்ணைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று இப்போது புரிந்திருக்கும்.

முதிர்ந்தது என்றால் என்ன

ஏய்னார் ஹெர்ட்ஸ்ப்ரங் 1905-இல், ஒரே சிவப்பு நிறத்தில் இரண்டு சாதி விண்மீன்கள் இருப்பதைக் கண்டார். ஒன்று மிக மங்கல், மற்றது மிகப் பிரகாசம். நடுவில் யாரும் இல்லை. ஏன் இப்படி என்று புரியப் பல பத்தாண்டுகள் ஆயின.

நம் விண்மீனும் ஒரு காலத்தில் வெள்ளையாக, சூரியனைவிடச் சற்றுப் பெரியதாக, மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக்கிக்கொண்டு நெடுங்காலம் அமைதியாக இருந்தது. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்தது. ஹீலியம் உடனே எரியாது. அதற்குப் பத்துக் கோடி டிகிரி வெப்பம் வேண்டும். அதனால் மையம் சுருங்கத் தொடங்கியது. சுருங்கச் சுருங்க அதைச் சுற்றியுள்ள அடுக்கு சூடேறி, அங்கே ஹைட்ரஜன் முன்னைவிட வேகமாக எரிந்தது. உள்ளே சுருக்கம், வெளியே வீக்கம். வெளிப்பகுதி விரிந்து குளிர்ந்து ஆரஞ்சானது. குளிர்ந்தாலும் பரப்பு அவ்வளவு பெரிதாகிவிட்டதால் மொத்த ஒளி கூடியது. நீங்கள் கணக்கிட்ட 4,150-உம் 300-உம் 33-உம் சேர்ந்து சொல்வது இந்தக் கதையைத்தான்.

அந்த வீக்கத்தின்போது வெளிப்பகுதி முழுவதும் கொதித்துப் புரண்டு, ஆழத்தில் அணுவினையால் மாறிய பொருளை மேலே கொண்டுவருகிறது. அதனால் ராட்சத விண்மீன்களின் நிறமாலையில் கார்பன் கொஞ்சம் குறைந்தும் நைட்ரஜன் கூடியும் தெரியும். உள்ளே நடந்ததற்கு வெளியே கிடைக்கும் சாட்சி அது.

ஒரு ராட்சதன் முதல்முறை வீங்கிக்கொண்டிருக்கிறதா, மையத்தில் ஹீலியம் எரிக்கிறதா என்று நிறத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். விண்மீனின் நுண்ணிய அதிர்வுகளைக் கேட்டுத்தான் பிரிக்க முடிகிறது. கெப்ளர் விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு 2011-இல் அந்த வழி திறந்தது. நம் சூரியனும் ஏறக்குறைய ஐந்நூறு கோடி ஆண்டுகள் கழித்து இதே பாதையில் நடக்கும்.

அடுத்து எதைப் பார்ப்பது

ஒன்றைச் செய்துவிட்டால் கை தானாக அடுத்ததைத் தேடும். ஒளியளவெண் 5, 6 என்று இறங்குங்கள். பைனாகுலருக்கு எட்டும் மங்கலான விண்மீன்களில் கே வகை ராட்சதர்கள் ஏராளம். ஸ்டெல்லேரியத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் நிறமாலை வகை வரும். ரோமன் மூன்று இருக்கிறதா என்று பாருங்கள், எச்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றிரவே நிறத்தைப் பைனாகுலரில் பாருங்கள், மறுநாள் கணக்கைப் போடுங்கள். நிறம் பார்ப்பதற்கு முன் வகையைப் படித்துவிட்டால் கண் படித்ததையே பார்க்கும். அதனால் இருவராகப் போவது நல்லது. ஒருவர் படிக்கட்டும், மற்றவர் பார்த்துச் சொல்லட்டும்.

மங்கலானவற்றுக்குப் போகும்போது மூன்றைக் கவனியுங்கள். இடமாறு கோணத்தின் பக்கத்தில் பிழை வரம்பு போட்டிருக்கும். அது கோணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், ஒன்றைக் கோணத்தால் வகுக்கும் நம் எளிய வழியை நம்ப வேண்டாம். பால்வீதியின் பட்டையை ஒட்டித் தொலைவில் இருக்கும் விண்மீன்களுக்கு இடையில் தூசு குறுக்கிட்டு ஒளியை மங்கலாக்கிச் சிவப்பாக்கிவிடும், அளவு தவறாக வரும். சிம்பாட் பக்கத்தில் இரட்டை விண்மீன் என்று குறித்திருந்தால் இரண்டின் ஒளியும் கலந்திருக்கும், தொடக்கத்தில் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். காக்ரக்ஸ் போன்ற மிகப் பிரகாசமானவற்றுக்குக் கையாவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவை அதன் கருவிகளுக்கே அளவுக்கு மீறிய ஒளி. ஹிப்பார்க்கோஸ் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, இடம், மழை பெய்ததா, நிலவு எங்கே, நிறம் எப்படித் தெரிந்தது, பிறகு மூன்று எண்கள், அவற்றிலிருந்து வந்த தூரம், ஒளி, ஆரம். ஒரு பக்கத்துக்கு ஒரு விண்மீன். பத்துப் பக்கம் நிறைந்ததும், ஒரு தாளில் வெப்பநிலையைக் கிடைமட்டத்திலும் தனி ஒளியளவெண்ணைச் செங்குத்திலும் வைத்துப் பத்துப் புள்ளிகளைக் குத்துங்கள். கூடவே சூரியனையும் எப்சிலான் எரிடானியையும் போடுங்கள். ராட்சதர்கள் எல்லாம் ஒரு மூலையில் கூடி, அந்த இருவரும் தனியே நிற்பதைப் பார்ப்பீர்கள்.